ஆணியில் தொங்கிய மணிக்கூடு

என் கை பட்ட மணிக்கூடு பிழையான நேரம் காட்டாது. முப்பது வருடமாக இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அதே வாயால் நாலு பேருக்கு முன்னால் வேறொன்றும் சொல்ல வேண்டி வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் முழுதும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் பெயர் முத்துக்குமாரு. சங்கானைச் சந்தைக்குப் பக்கத்தில் கடை. மணிக்கூட்டு முத்துக்குமாரு என்று கேட்டால்தான் ஆட்கள் வழி காட்டுவார்கள். வெறும் முத்துக்குமாரு என்றால் வாழைக்குலை விற்கிற முத்துக்குமாருவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவன் கறுவல், நான் சிவலை. இதுகூடத் தெரியாத சனம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு எனக்கு வேலைக்குக் குறைவில்லை. சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருடம். கொழும்பிலிருந்து பற்றறி வரவும் தடை. ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்த யப்பான் மணிக்கூடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. பெட்டகத்துக்குள்ளும் பரணிலும் கிடந்த, முறுக்கி ஓடவிடுகிற பழைய மணிக்கூடுகளை ஆட்கள் தூசி தட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்கள். என் மேசையில் ஒரே நேரத்தில் நாற்பது மணிக்கூடுகள் வரிசையாக மல்லாந்து கிடக்கும். பக்கத்துக் கடைத் தையற்காரன் கனிசியஸ் எட்டிப் பார்த்து, "அண்ணை, உதென்ன ஆசுப்பத்திரி வாட்டோ?" என்று கேட்பான்.

கனிசியஸும் இலேசுப்பட்டவன் இல்லை. தையல் மெசின் சில்லோடு ஒரு சைக்கிள் டைனமோவைப் பூட்டி, அதிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்திருந்தான். அவன் மிதிக்க மிதிக்கச் சட்டையும் தைபடும், செய்தியும் கேட்கும். ஊசியில் நூல் கோக்க அவன் காலை நிறுத்தினால் செய்தி வாசிக்கிறவரும் வாயை மூடிக்கொள்வார். அந்த றேடியோவில் மணிக்கு மணி 'பிப் பிப்' என்று அடிக்கிற சத்தத்துக்குத்தான் என் கடைச் சுவர்மணிக்கூட்டை நான் சரிபார்ப்பது.

வைகாசி மாதம் ஒருநாள் பின்னேரம் பராசக்தி ரீச்சர் சைக்கிளில் வந்து இறங்கினா. வட்டுக்கோட்டையில் கணக்குப் படிப்பிக்கிறவர். முப்பத்தொரு வயது நடக்கிறது. இளைப்பாறிய போஸ்ற்மாஸ்ரர் நமசிவாயத்தின் ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் கதை ஊருக்கே தெரியும். சாதகத்தில் இரண்டாம் வீட்டில் செவ்வாய். பத்து வருடமாக வந்த சம்பந்தம் எல்லாம் சாதகக் குறிப்பைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனது. கடைசியாக, கூடப் படிப்பிக்கிற தில்லைநாதன் மாஸ்ரர் தானே விரும்பிக் கேட்டார். அந்தப் பிள்ளைக்கும் விருப்பம். ஆனால் தில்லைநாதனின் தாய் சிவக்கொழுந்து, "செவ்வாய்க்காரியைக் கட்டினால் நான் கிணத்துக்குள்ளை" என்று ஒரே பிடியாக நின்றா. அவர்கள் வீட்டு வளவில் கிணறு நல்ல ஆழம். மாஸ்ரர் பயந்துபோனார்.

"என்ரை கைமணிக்கூடு பற்றறி இல்லாமல் நிண்டிட்டுது அண்ணை. அப்பாவின்ரை பொக்கற் மணிக்கூடு பெட்டிக்குள்ளை கிடந்தது. ஒருக்கால் பாருங்கோ" என்று அந்தப் பிள்ளை ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினா.

அவிழ்த்தேன். வெள்ளி மூடி, வெள்ளைப் பீங்கான் முகம், கறுப்பு உரோம எழுத்து. போஸ்ற்மாஸ்ரரின் தகப்பன் மலாயா றெயில்வேயில் வேலை செய்து கொண்டுவந்த சாமான். பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஊசியால் கீறிய மூன்று அடையாளம். திருத்துகிறவர்கள் தாங்கள் திறந்த தேதியை அப்படிக் கீறி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். ஒன்று இங்கிலீசில், ஒன்று சீன எழுத்தில். மூன்றாவதைப் பார்த்ததும் என் நெஞ்சு ஒரு சுற்றுப் பருத்தது. 'மு. 30-6-61'. என்னுடைய கீறல்!

"பாரும் ரீச்சர், பாரும்! பத்தொன்பது வயசிலை நான் திருத்தினது. அதுக்குப் பிறகு ஒருத்தன் உள்ளுக்குக் கை வைக்கேல்லை. வைக்க வேண்டி வரேல்லை! முத்துக்குமாருவின்ரை வேலை எண்டால் உப்பிடித்தான்."

"ஒரு மாசத்திலை நிண்டிட்டுது எண்டு அப்பா சொன்னவர்."

"அது மெயின்ஸ்பிரிங் அறுந்தது. அது சாமான்ரை பிழை, என்ரை பிழை இல்லை" என்று கடிந்தேன்.

புது ஸ்பிரிங் போட்டேன். கழுவினேன், எண்ணெய் தொட்டேன், மேசையில் நாற்பதோடு நாற்பத்தொன்றாகக் கிடத்தினேன். மூன்று நாளும் ஒரு நிமிடம் அங்கே இங்கே போகவில்லை. கொடுத்தனுப்பினேன்.

ஒரு கிழமையில் திரும்பி வந்தா. பள்ளிக்கூடம் தொடங்கி முடிகிறதுக்குள் ஐந்தரை நிமிடம் முன்னுக்கு ஓடுகிறதாம்.

"உங்கடை பள்ளிக்கூட மணி பிந்தி அடிக்குது" என்றேன்.

"அதிபரின்ரை மணிக்கூட்டோடையும் பாத்தனான்."

"அதிபருக்கும் பிந்துது."

கனிசியஸ் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று முணுமுணுத்தான். உன் வேலையைப் பார் என்று அவனை அதட்டிவிட்டு மணிக்கூட்டை வாங்கி வைத்தேன்.

இனி, ஒரு மணிக்கூடு முன்னுக்கு ஓடினால் நாங்கள் என்ன பார்ப்போம் என்று கேளுங்கள். முதலில் காந்தம். காந்தம் ஏறினால் மயிரளவு மெல்லிய கெயார்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நேரத்தை அளக்கிற சில்லு அவசரப்பட்டு ஆடும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு டைனமோ இருந்ததால் காந்தம் ஏறிய மணிக்கூடுகள் எனக்குக் கிழமைக்கு நாலு வந்தன. திசைகாட்டியை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. அடுத்தது, எண்ணெய் கூடிப் போய்ச் சுருளில் படிந்ததா என்று பார்த்தேன். சுத்தம். சில்லின் ஊசி தேய்ந்ததா? இல்லை. மறுபடி மேசையில் கிடத்தி இரண்டு நாள் கனிசியஸின் 'பிப் பிப்'போடு ஒத்துப் பார்த்தேன். அச்சொட்டாக ஓடியது.

"ரீச்சர், இதிலை ஒரு கோதாரியும் இல்லை. நீர் ஓடி ஓடிப் படிப்பிக்கிறீர் போலை, அதுதான் இதுவும் ஓடுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். எனக்கே அது நல்ல பகிடியாகப் பட்டது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை வரும்போது கையில் ஒரு கொப்பித்தாள். கோடு கீறி, கட்டம் போட்டு, பத்து நாள் கணக்கு. கணக்கு ரீச்சரிடம் அகப்பட்டால் வேறென்ன கிடைக்கும்?

"வடிவாய்ப் பாருங்கோ அண்ணை. வீட்டிலை மேசையிலை கிடக்கேக்குள்ளை ஒரு பிழையும் இல்லை. வகுப்பிலை கரும்பலகைக்குப் பக்கத்திலை ஆணியிலை கொழுவிவிட்டால் மணித்தியாலத்துக்கு ஐம்பத்துநாலு விநாடி முன்னுக்குப் போகுது. எல்லா நாளும் அதே கணக்கு. நீங்கள் இதைத் தொங்கவிட்டுப் பாத்தனீங்களோ?"

படுக்க வைத்து ஒருநாள், தொங்கவிட்டு ஒருநாள். இரண்டு விதமாகவும் பார்க்காமல் மணிக்கூட்டைக் கொடுக்கக்கூடாது. இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நாற்பது மணிக்கூடு வரிசையில் கிடந்த மிதப்பில், அதுவும் என்னுடைய பழைய வேலைதானே என்ற நினைப்பில், நான் அதை ஆணியில் கொழுவவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

"வைச்சிட்டுப் போம். நாளையிண்டைக்கு வாரும்" என்றேன். குரல் இறங்கித்தான் வந்தது.

அன்றைக்கு முழுதும் அதைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டுக் கனிசியஸைக் காலெடுக்காமல் மிதிக்கச் சொன்னேன். அவன் மூன்று சட்டையும் ஒரு தலையணை உறையும் தைத்து முடித்தான். மணித்தியாலத்துக்கு ஐம்பத்துநாலு விநாடி. ஒரு விநாடி கூடவில்லை, குறையவில்லை.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, மணிக்கூட்டை நிமிர்த்திப் பிடித்தபடியே உள்ளே பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கெயார்ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் ஒரு சின்ன வளைவு. மணிக்கூடு படுத்திருந்தால் அது யாருக்கும் தீங்கு செய்யாது. நிமிர்த்தித் தொங்கவிட்டால் சுருள் ஒரு நூலளவு சரிந்து பக்கத்துக் குச்சியில் போய் முட்டும். முட்டினால் சுருளின் நீளம் குறையும். நீளம் குறைந்தால் சில்லு கெதியாக ஆடும். அவ்வளவுதான் சங்கதி.

அந்த வளைவில், சின்னச் சாமான்களை இடுக்கி எடுக்கிற சாவணம் இறுக்கிப் பிடித்த தழும்பு இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் ஆழம், வலது பக்கம் மேலோட்டம். நான் இடதுகைக்காரன். இந்தப் பக்கத்தில் மணிக்கூடு திருத்துகிறவர்களில் இடதுகைக்காரன் நான் ஒருத்தன்தான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அறுபத்தோராம் ஆண்டு ஆனி மாதம். யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் நான் வேலைக்கு நின்றேன். முதலாளி கொழும்புக்குப் போயிருந்தார். நமசிவாயம் வந்து, "தம்பி, மனுசிக்கு இண்டைக்கோ நாளைக்கோ. பிள்ளை பிறக்கிற நேரம் பாக்க மணிக்கூடு வேணும். பின்னேரத்துக்குள்ளை தருவீரோ?" என்று அவதிப்பட்டார். அன்றிரவு அளவெட்டியில் பூங்காவனத் திருவிழா. ஆறு கூட்டு மேளம். ஆறு மணிக்கு வண்டில் போகிறது, என் சிநேகிதர்கள் எல்லாம் ஏறியாயிற்று. கையும் காலும் பறக்க, ஸ்பிரிங்கைச் சாவணத்தால் ஒரு இழுவை இழுத்துச் சரிப்படுத்தி, மேசையில் கிடத்தி ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். விடிய விடிய நாதஸ்வரம் கேட்டேன். என்ன வாசிப்பு! அதை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் அன்றைக்குப் பூதக்கண்ணாடியோடு குந்தியிருந்தபோது மயிர்க்கூச்செறிந்தது வேறு காரணத்துக்கு.

சொன்னபடி ரீச்சர் வந்தா. வளைவைக் காட்டினேன். கண்ணாடியால் பார்த்துவிட்டு, "உது எப்ப வந்த பிழை அண்ணை?" என்று கேட்டா.

"ஏன் கேக்கிறீர்?"

அந்தப் பிள்ளை ஒரு நிமிடம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா. "என்ரை பிறந்த நேரம் அப்பா இந்த மணிக்கூட்டிலைதான் பாத்தவர். வழக்கமாய் மேசையிலை கிடத்துறவர், அண்டைக்கு மட்டும் அறைவாசல் ஆணியிலை கொழுவினவராம். லாந்தர் வெளிச்சத்திலை தெரியவேணும் எண்டு. கொஞ்ச நிமிசம் முந்திப் பிறந்திருந்தால் லக்கினம் மாறியிருக்கும், செவ்வாயும் ஒண்டும் செய்யாது எண்டு சாத்திரியார் முந்தி ஒருக்கால் சொன்னவர். எனக்கு உந்தச் சாத்திரத்திலை நம்பிக்கை இல்லை அண்ணை. ஆனால் நம்புற ஆக்களின்ரை கையிலையெல்லோ என்ரை கலியாணம் கிடக்கு."

மெசின் சத்தம் நின்றுவிட்டது. கனிசியஸ் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நான் இப்போது ஒரு சொல் சொன்னால் போதும். நேற்று விழுந்ததில் வந்த பிழை என்று சொல்லிவிட்டால் என் பெயரும் கெடாது, கடையும் கெடாது. உண்மையைச் சொன்னால் சந்தை முழுக்கச் சிரிக்கும். உள்ளதைச் சொல்கிறேன், பொய் நுனிநாக்கில் வந்து நின்றது. ஆனால் அந்தக் கொப்பித்தாள் மேசையில் கிடந்தது. பத்து நாள் கட்டம் கட்டமாக எழுதிய பிள்ளைக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

"அறுபத்தோண்டிலை வந்த பிழை. நான் விட்ட பிழை. மேளம் கேக்கப் போற அவசரத்திலை விட்டனான்" என்றேன். சொல்லிவிட்டு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதை வந்து சொல்லுவியளோ? எல்லாருக்கும் முன்னாலை?"

"வாறன்."

அடுத்த வெள்ளி பின்னேரம் நமசிவாயம் வீட்டு விறாந்தையில் கூடினோம். சாத்திரியார் பழைய பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார். சிவக்கொழுந்து அம்மா அளவெட்டியிலிருந்து மகனின் சைக்கிள் கரியரில் வந்து இறங்கி, நெளிந்த இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கதிரையில் அமர்ந்தா. தில்லைநாதன் மாஸ்ரர் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். இருக்கச் சொன்னாலும் இருக்கவில்லை. நமசிவாயத்தின் மனைவி இரத்தினம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றா.

"என்ரை மணிக்கூடு பிழை எண்டு சொன்னது ஆர்?" நமசிவாயத்தின் முதற் கேள்வியே சூடாக இருந்தது. இளைப்பாறிப் பத்து வருடமாகியும் அந்த மனிதர் தபால் கந்தோர் மேசைக்குப் பின்னால் இருக்கிற மாதிரித்தான் கதைப்பார். "அண்டைக்கு இரவு ஒன்பது மணிக்கு றேடியோவோடை நேரம் வைச்சு ஆணியிலை கொழுவினனான். வாசலிலை காவல் நிண்டனான். கண் மூடேல்லை! மருத்துவிச்சி உள்ளுக்கிருந்து குரல் குடுக்க, நாலு நாப்பத்தெட்டு. முத்திரை குத்தினது மாதிரி."

இதை ஊரில் கேட்காதவர் இல்லை. கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றிலும் இந்தக் காவல் கதையைச் சொல்வார்.

நான் எழும்பினேன். என் பிழையைச் சொன்னேன், மேளத்தைச் சொன்னேன், வண்டிலைச் சொன்னேன். சுருள் குச்சியில் முட்டுகிறதை மணிக்கூட்டைத் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். முப்பது வருடத்துப் பெருமையை ஐந்து நிமிடத்தில் இறக்கி வைத்தேன்.

சிவக்கொழுந்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "எங்கடை ஊர் மேளம் கேக்கவோ உந்த வேலை பாத்தனீர்? நல்லாய்த்தான் வாசிச்சிருப்பினம்."

"திறமாய் வாசிச்சவை அம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

பராசக்தி கொப்பித்தாளைச் சாத்திரியாரிடம் கொடுத்தா. இரவு ஒன்பதிலிருந்து நாலு நாற்பத்தெட்டு வரைக்கும் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம். மணிக்கு ஐம்பத்துநாலு விநாடிப்படி ஏழு நிமிடம் முன்னுக்கு ஓடியிருக்கும். சாத்திரியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டினார், விரல்மடிப்பில் எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"ஏழு கழிச்சால் நாலு நாப்பத்தொண்டு. லக்கினம் மாறினது நாலு முப்பத்தெட்டுக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் மூண்டு நிமிசம் குறையுது, காணாது பிள்ளை. அதே மிதுன லக்கினம்தான். செவ்வாய் இரண்டிலைதான் நிக்குது."

தில்லைநாதன் மாஸ்ரர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

சாத்திரியார் நல்ல மனுசன். என் பக்கம் திரும்பி மெல்ல, "முத்துக்குமாரு, ஏழுதானோ? பத்தாயும் இருக்கலாமே? பழைய மணிக்கூடெல்லே?" என்று கேட்டார்.

ஐயோ, அந்த நேரம்! பத்து என்று சொல்லிவிட எனக்கு ஆசை. என் பிழைக்கு நான் சொல்கிற நிமிடம், யார் மறுக்கப் போகிறார்கள்? நான் வாயைத் திறக்கிறதுக்குள் பராசக்தி முந்திக்கொண்டா.

"ஏழுதான். நானும் எண்ணினனான். கூட்டிச் சொல்லி ஒரு கலியாணம் எனக்கு வேண்டாம்."

சிவக்கொழுந்து அம்மா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்ப ஆயத்தமானா. "அப்ப நாங்கள் வெளிக்கிடுவம். தம்பி, சைக்கிளை எடு." தில்லைநாதன் மாஸ்ரர் அசையவில்லை. பராசக்தி கொப்பித்தாளை நாலாக மடித்தா. பிறகு எட்டாக மடித்தா. எனக்கு என் கையை வெட்டி எறிய வேண்டும் போல இருந்தது.

"நில்லுங்கோ."

நமசிவாயம்தான். கதிரைக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். இருமினார். முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஏழோடை இன்னும் கொஞ்சம் கழியுங்கோ."

"எதுக்குப் போஸ்ற்மாஸ்ரர்?" என்றார் சாத்திரியார்.

"மருத்துவிச்சி கூப்பிட்ட உடனை நான் மணி பாக்கேல்லை."

"ஏன்?"

ஒரு தந்தியை எழுத்தெழுத்தாக வாசிக்கிறவர் மாதிரிச் சொன்னார். "நான்… நித்திரை."

கதவு நிலையிலிருந்து இரத்தினம்மாவின் குரல் வந்தது.

"கூப்பிட்டதோ? அவள் குரல்வளை கிழியக் கத்தினவள்! செம்பை எடுத்துக் கதவிலை இடிச்சவள்! இந்த மனுசன் விறாந்தை வாங்கிலை படுத்துக் குறட்டை. கொடி அறுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியிலை சுத்தி என்ரை பக்கத்திலை கிடத்தினாப் பிறகுதான் அவள் வெளியிலை வந்து தோளிலை பிடிச்சு உலுப்பினவள். அப்பதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மணி பாத்தவர்."

"ஏன் அம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று பராசக்தி கேட்டா. குரல் உடைந்திருந்தது.

"எனக்கென்னண்டு தெரியும் பிள்ளை? கணக்குத் தெரிஞ்ச மனுசன், நித்திரை கொண்ட நேரத்தைக் கழிச்சுத்தானே சாத்திரியாருக்குச் சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன். ஊருக்குச் சொல்லுற காவல் கதை வேறை, சாதகம் வேறை எண்டு நினைச்சன்!" இரத்தினம்மா புருசனைப் பார்த்தா. "இஞ்சேருங்கோ, கழிக்கேல்லையோ?"

"கழிச்சால் ஏன் கழிச்சது எண்டு கேப்பினமே" என்றார் நமசிவாயம். அவருடைய கந்தோர்க் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "நாலைஞ்சு நிமிசத்திலை என்ன இருக்கு எண்டு நினைச்சன். முதற் சம்பந்தம் குழம்பேக்குள்ளை சொல்லுவம் எண்டு பாத்தன். வெக்கமாய்க் கிடந்தது. இரண்டாவது குழம்பேக்குள்ளை, முதலே ஏன் சொல்லேல்லை எண்டு பிள்ளை கேட்டால் என்ன சொல்லுறது எண்டு பயம். பிறகு பிறகு பயம் கூடிப்போச்சு. இண்டைக்கு இந்த மணிக்கூட்டுக்காரன் நாலு பேருக்கு முன்னாலை தன்ரை பிழையைச் சொல்லுறான். நான் பெத்த தகப்பன், சொல்லாமல் இருக்கிறன்."

எழும்பின சிவக்கொழுந்து அம்மா மறுபடி இருந்துவிட்டா. எங்களில் யாரும் எதிர்பாராத விதமாக அவவே வழக்கை எடுத்து நடத்தினா.

"ஐஞ்சு பெத்தவள் நான். சாத்திரியார், நீங்கள் பொம்பிளையளின்ரை கணக்கை என்னட்டைக் கேளுங்கோ. கொடி அறுத்து, குளிப்பாட்டி, சுத்திக் கிடத்த எவ்வளவு கெட்டிக்கார மருத்துவிச்சிக்கும் குறைஞ்சது கால் மணித்தியாலம். அதுக்குக் குறைய ஆரும் சொன்னால் அவை பிள்ளை பெறேல்லை."

சாத்திரியார் எண்ணி முடிக்க இரண்டு நிமிடம் எடுத்தது. எனக்கு அது இரண்டு வருடம். "ஏழும் பதினைஞ்சும் இருபத்திரண்டு. நாலு இருபத்தாறு. ரிஷப லக்கினம். செவ்வாய் மூண்டாம் வீட்டிலை." பஞ்சாங்கத்தை மூடி அதன்மேல் கையை வைத்தார். "தோசம் இல்லை."

தில்லைநாதன் மாஸ்ரர் தூணை விட்டார். விட்ட வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பையில் கால் பட்டு அது முற்றத்துக்கு உருண்டது. இரத்தினம்மா கோப்பையையும் பார்க்கவில்லை, மாஸ்ரரையும் பார்க்கவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா.

சிவக்கொழுந்து அம்மாவுக்கு மட்டும் முகத்தில் புதிதாக ஒரு யோசனை ஓடியது. "உதென்ன சாத்திரியார், இப்பிடியும் நடக்குமோ? இவன் பிறக்கேக்குள்ளை என்ரை மனுசனும் வாங்கிலைதான் கிடந்தது. எங்கடை சாதகத்தையும் ஒருக்கால்…"

"அம்மா! காணும், விடுங்கோ!" என்று தில்லைநாதன் மாஸ்ரர் கத்தினார். அந்த வாயிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று தாயே எதிர்பார்த்திருக்க மாட்டா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாத்திரியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைசியில் சிவக்கொழுந்து அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "சரி சரி, இனி நாள் பாருங்கோ. ஆவணிக்குள்ளை எண்டால் நல்லது" என்றா.

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். நமசிவாயம் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இரு என்று யாராவது சொல்லும் வரைக்கும் இருக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. பராசக்தி அவருக்கு முன்னால் போய் நின்றா. முகத்தில் கண்ணீரும் இருந்தது, கோபமும் இருந்தது.

"பத்து வருசம் அப்பா" என்றா.

அவர் தலையைக் குனிந்தார். "ஓம் பிள்ளை."

"உங்களுக்கு நித்திரை வந்தது பிழை இல்லை. ஆருக்கும் வரும்."

அந்தப் பிள்ளை தகப்பனின் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. தானே போய்ப் புதுத் தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தா. அவர் ஒரு வாய் குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றா.

"ஆனால் ஒண்டு சொல்லுறன். தாலி கட்டுற முகூர்த்தத்துக்கு மணி பாக்கிறது நான். நீங்கள் இல்லை."

"ஓம் பிள்ளை" என்றார் நமசிவாயம்.